திருகோணமலையில் சிறிய படகிலிருந்து புளூபின் சூரைக்குத் தூண்டில் எறிய முடியுமா?

அமெரிக்காவின் கேப் கொட் பக்கம் புளூபின் சூரைக்குச் சிறு படகிலிருந்து தூண்டில் எறிந்து பழகியவர், விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது திருகோணமலையிலும் அதைச் செய்யலாமா, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

புளூபின் இங்கே கிடைக்காது. அதில் மூன்று இனங்கள் உண்டு: அத்லாந்திக், பசிபிக், தென்கடல். தென்கடல் புளூபின் முட்டையிட ஜாவாவுக்குத் தெற்கே வரும், பிறகு குளிர்ந்த தென்கடலுக்கே திரும்பிவிடும். நம் கரையில் உங்களுக்கு வாய்க்கப்போவது மஞ்சள் செட்டைச் சூரை, சந்தையில் கெலவல்லா என்று கேட்டு வாங்குகிறார்களே, அதுதான். எடையில் புளூபினை நெருங்காது. 1979இல் நோவா ஸ்கோஷியாவில் பிடிபட்ட 679 கிலோ புளூபின் இன்றும் உலக சாதனையாக நிற்கிறது, மஞ்சள் செட்டை 200 கிலோவை எட்டுவதே அரிது. ஆனால் முப்பது கிலோ மீன் ஒன்று நேர் கீழே இறங்கத் தொடங்கினால், எடைக் கணக்கெல்லாம் உங்களுக்கு மறந்துபோகும்.

இந்த மீனுக்குத் திருகோணமலையைப் போல வாய்ப்பான இடம் குறைவு. மகாவலி கலக்கும் கொட்டியாரக்குடாவின் வாயிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. கோணேசர் மலையைக் கண்ணில் வைத்துக்கொண்டே ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தின்மேல் நிற்கலாம். திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதும் இந்த ஆழத்தால்தான். மற்ற இடங்களில் பெரிய படகில் நாள்கணக்கில் ஓட வேண்டிய கடலுக்கு, இங்கே வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகு காலையில் போய் மதியம் திரும்பிவிடும்.

இனி முக்கியமான விடயம். பெரும்பாலோர் தூண்டிலைப் பற்றியே கேட்கிறார்கள். என் அனுபவத்தில், மீன் கடிப்பதையும் கடிக்காததையும் தீர்மானிப்பது படகை விடும் முறை. நம் ஆட்கள் இழுவைத் தூண்டில் போட்டுப் பழகியவர்கள். பறவைக் கூட்டத்தைக் கண்டதும் வேகத்தைக் குறைக்காமல் அதை நோக்கியே விடுவார்கள். இழுவைக்கு அது சரி. எறிதூண்டிலுக்கு அப்படிப் போனால், நீங்கள் கையை ஓங்குவதற்குள் கூட்டம் தாழ்ந்துவிடும்.

ஆலாக்களைப் பாருங்கள். உயரத்தில் பரந்து சுற்றினால் மீன் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஒரே இடத்தில் நீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தால், சூரை நெத்தலியை மேலே தள்ளிவிட்டது. முன்னால் பறக்கும் பறவை கூட்டம் போகும் திசையைக் காட்டும். அந்தத் திசைக்கு முன்னால், காற்று உங்கள் முதுகில் படுகிற பக்கமாக, அகலச் சுற்றிக்கொண்டு போய் நில்லுங்கள். இயந்திரத்தை நியூட்ரலில் விட்டாலே போதும். அணைத்துவிட்டுப் பிறகு கயிறு இழுத்துக் கிளப்புவது இன்னும் கெடுதல். மீன் உங்களை நோக்கி வரட்டும். கரையை விடும் முன்பே படகோட்டியிடம், "அண்ணன், கூட்டத்துக்குள் விட வேண்டாம், முன்னால் போய் நிற்போம்" என்று பேசி முடித்துவிடுங்கள். நடுக்கடலில் கத்திச் சொல்வதில் பயனில்லை.

கேப் கொட்டில் பாவிக்கும் கோலையும் 14000 அளவு சுழல் ரீலையும் அப்படியே கொண்டுவாருங்கள். பீ.ஈ. 6 தடிப்புள்ள பின்னல் நூலும், முனையில் 100 இறாத்தல் தங்கூசியும் நம் மீனுக்குத் தாங்கும். போலி இரை சிறிதாக இருக்கட்டும். மீன் விரலளவு நெத்தலியை மேயும்போது பெரிய மரக்கட்டை இரையை அது திரும்பியும் பார்ப்பதில்லை. முக்கொளுக்கியைக் கழற்றி ஒற்றைக் கொளுக்கி மாட்டுங்கள். பைபர் படகில் கைப்பிடி வேலி கிடையாது, ஆட்கள் நெருங்கித்தான் நிற்பார்கள், பின்னால் வீசும் கொளுக்கி படகோட்டியின் முகத்துக்கு நேரே போகும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், படகின் முன்பக்கமான அணியத்தில் நின்று எறிவதே நல்லது.

கடித்த பிறகு முதல் ஓட்டத்தை மறிக்க வேண்டாம். ரீலின் பிடியை, அதாவது நூல் ஓடுவதை மறிக்கும் இறுக்கத்தை, கரையிலேயே தராசு வைத்துப் பத்துக் கிலோ அளவில் இறுக்கி வாருங்கள். கடலில் அதைத் தொடாதீர்கள். கடைசிக் கட்டத்தில் மஞ்சள் செட்டை படகின் கீழே வட்டமிடும். கோல் நுனியைக் கவனித்தால் வட்டத்தின் ஒரு பாதியில் அது கனத்து வளையும், மறுபாதியில் சற்று இளகும். இளகும் பாதியில் மீனின் தலை உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. அப்போது மட்டும் உயர்த்தி, இரண்டு சுற்று நூலை எடுங்கள். கனக்கும் பாதியில் சும்மா பிடித்திருங்கள். இதைப் பொறுமையாகச் செய்பவருக்கு மீன் வரும், முரட்டுத்தனமாக இழுப்பவருக்கு முடிச்சு அறும்.

ஏப்ரல், மே மாதங்கள் நல்லவை. ஜூனுக்குப் பிறகு கச்சான் காற்று பலக்கும். அது தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் உப்புவெளிக் கரையோரம் குளம்போலக் கிடக்கும், வெளியே போனால்தான் அலை தெரியும். இயந்திரம் நின்றால் காற்று உங்களை நடுக்கடலுக்கே தள்ளும். ஆகவே இரண்டாவது இயந்திரம் இல்லாத படகில் கச்சான் காலத்தில் தூரம் போகாதீர்கள். உயிர்காப்பு அங்கியைப் படகோட்டி அணியாவிட்டாலும் நீங்கள் அணியுங்கள். புறாமலை தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டில் போடக் கூடாது. திமிங்கிலத்தைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள்.

ஐஸ் விடயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீண்ட நேரம் போராடிய சூரையின் சதை சூடேறியிருக்கும். வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் கூடும், எவ்வளவு சமைத்தாலும் அது போகாது, சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து தலை இடிக்கும். மீன் ஏறியதும் செவுள் பக்கம் வெட்டி இரத்தத்தை வடித்து, குடலை எடுத்து, வயிற்றுக்குள்ளும் ஐஸ் நிரப்புங்கள். ஐஸ் கட்டிகளுக்கு முதல் நாள் மாலையே சொல்லிவையுங்கள், விடியப்புறம் புறப்படும் நேரத்தில் தேடினால் கிடைக்காது.