துளை சிறுத்துக் காட்டினால் முனை தேயவில்லை

கேள்வி: ஓசூரில் ஒரு மெஷின் ஷாப்பில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். அலுமினிய டை காஸ்டிங் ஹவுசிங்குகளின் துளைகளை சிஎம்எம்மில் (முனையால் தொட்டு அளவெடுக்கும் இயந்திரம்) நாள் முழுக்க ஸ்கேன் செய்கிறோம், அதாவது முனையைப் பரப்பில் உரசியபடியே ஓட்டி அளக்கிறோம். காலையில் கேலிபரேட் செய்ததும் அளவு சரியாக இருக்கிறது. ஷிப்ட் முடிவதற்குள் துளை விட்டம் சில மைக்ரான் குறைந்துவிடுகிறது. ரூபி முனை தேய்ந்துவிட்டது, வைர முனை வாங்கலாம் என்கிறார்கள். அடுத்த மாதம் வார்ப்பிரும்பு வேலையும் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வைரத்துக்கு இப்போதே ஆர்டர் போட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: துளை குறைகிறது. முனையின் நுனியில் இருக்கும் ரூபிப் பந்து தேய்ந்திருந்தால் துளை பெரிதாகத்தான் காட்டும். மென்பொருள் காலையில் பதிந்த பந்து விட்டத்தையே வைத்துக் கணக்குப் போடுகிறது. பந்து பருத்தால் அதன் மையம் துளைக்குள் சிறிய வட்டத்தில் சுற்றும், அளவு குறையும். அப்படியானால் உங்கள் பந்தின் மேல் அலுமினியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். ரூபியே அலுமினியம் ஆக்சைடுதான். ஒரே இடம் உரசிக்கொண்டே போனால் அலுமினியம் அதில் படிந்துவிடும். துணியால் துடைத்தால் போகாது. எமரி போட்டுத் தேய்த்தால் பந்தின் உருண்டை கெட்டுவிடும்.

மாலையில் பந்தை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள், சாம்பல் நிறப் பட்டை தெரியும். பிறகு புதுப் பந்து மாட்டி, கேலிபரேட் செய்து, அதே பாகத்தை அளந்து பாருங்கள். பழைய அளவு திரும்பினால் சந்தேகமே இல்லை. திரும்பாவிட்டால் அறையின் வெப்பநிலையைப் பாருங்கள்: 50 மி.மீ. அலுமினியத் துளை ஒரு டிகிரிக்கு ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல் மாறும்.

அலுமினியத்துக்குச் சிலிக்கான் நைட்ரைடு பந்து வாங்குங்கள், அலுமினியம் அதில் அவ்வளவாக ஒட்டாது. ஆனால் அதை ஸ்டீல் பாகங்களில் ஓடவிடவே கூடாது, வேகமாகத் தேயும். பெட்டியின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். அவசரத்தில் யாரோ ஒருவர் மாட்டிவிடுவார்.

வார்ப்பிரும்பில் பிரச்சினை வேறு. அதிலுள்ள கடினத் துகள்கள் ரூபியை அராவும். அங்கே ஸ்கேன் செய்ய ஸிர்கோனியா என்ற செராமிக் பந்து நல்லது. ஸ்கேன் செய்யாமல் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளப்பதாக இருந்தால் இரண்டு உலோகத்துக்கும் இருக்கிற ரூபியே போதும்.

வைரத்தில் அலுமினியமும் ஒட்டாது, தேய்மானமும் மிகக் குறைவு. விலைதான் பல மடங்கு. ஒரே முனையை மாற்றாமல் எல்லா உலோகத்திலும் நாளெல்லாம் ஓட்டும் நிலை வந்தால் அப்போது வாங்குங்கள். அதுவரை உலோகம் மாறும்போது பந்தை மாற்றி, ஒவ்வொரு முறையும் மாஸ்டர் பந்தில் (அளவு துல்லியமாகத் தெரிந்த உருண்டை) மறுபடி கேலிபரேட் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.