அரியர்ஸ் (பாக்கிச் சம்பளம்) எப்போது வரும், சந்தா ஏன் கட்ட வேண்டும்? சங்கத்து அண்ணன் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட ஊழியர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் பல காலம் தொழிற்சங்கக் கிளைச் செயலாளராக இருந்த ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்).

கே: அண்ணே, சங்கமும் நிர்வாகமும் போட்ட கூட்டு ஒப்பந்தம் டிசம்பரோடு முடிந்தது. "இனி பழைய சலுகை எதுவும் கிடையாது" என்கிறார் எங்கள் பெரிய கிராணி. உண்மையா? (மில் ஆபீஸ்)

இல்லை, தம்பி. தொழில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் என்றால் அதிலுள்ள சம்பளமும் சலுகைகளும் உங்கள் வேலை நிபந்தனையாகவே ஆகிவிடும். 1967 தொழிலியல் உறவுச் சட்டம், 17ஆவது பிரிவு. அடுத்த ஒப்பந்தமோ நீதிமன்றத் தீர்ப்போ மாற்றும்வரை அப்படியே நிற்கும். பெரிய கிராணிக்கும் சேர்த்துத்தான்!

கே: புது ஒப்பந்தப் பேச்சுவார்த்தை ஏன் இப்படி இழுக்கிறது? அரியர்ஸ் வருமா? (வெளிக்காட்டுக் கண்டக்டர், அதாவது வேலை மேற்பார்வையாளர்)

சங்கம் எழுத்தில் அழைத்தால் நிர்வாகம் 14 நாளில் பதில் தர வேண்டும், சம்மதித்தால் 30 நாளில் பேச்சு தொடங்க வேண்டும். தொடங்கத்தான் கெடு, முடிக்கக் கெடு இல்லை. முதல் கூட்டத்தில் கோரிக்கைப் பட்டியலைப் புரட்டிவிட்டு "மேலிடத்தில் கேட்கிறோம்" என்பார்கள். அடுத்த தேதிக்குள் செம்பனை (பாமாயில்) விலை இறங்கியிருந்தால் அதுவே பதிலாகிவிடும். விலை ஏறியிருந்த மாதத்தில் அந்தப் பேச்சே எழாது!

இரு தரப்பும் இசைந்தால் பழைய ஒப்பந்தம் முடிந்த மறுநாள் முதல் கணக்கிட்டு அரியர்ஸ் தரலாம். இசையாவிட்டால் தொழிலியல் உறவு இலாகாவில் சமரசம், அப்புறம் தொழில் நீதிமன்றம். அங்கே ஒரு சிக்கல்: வழக்கு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட நாளுக்கு ஆறு மாதம் முன்பு வரைதான் தீர்ப்பைப் பொதுவாகப் பின்தேதியிட முடியும். பேசிக்கொண்டே இரண்டு வருடத்தை ஓட்டினால் நட்டம் நமக்குத்தான். அதனால் உங்கள் கிளையிடம் "எப்போது பேசி முடிப்பீர்கள்" என்று கேட்காதீர்கள், "இலாகாவுக்கு எப்போது எழுதுவீர்கள்" என்று கேளுங்கள்.

கே: குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனதும் நேற்று வந்த பையனும் பல வருடம் வேலை செய்த நானும் ஏறக்குறைய ஒன்று. இது நியாயமா, அண்ணே? (ஸ்டோர் கிராணி)

நியாயமில்லை, தங்கச்சி, ஆனால் சட்டமீறலும் இல்லை. அரசாங்க உத்தரவு அடிமட்டத்தை மட்டும் உயர்த்துகிறது. அனுபவசாலிகளை அதற்கு மேலே உயர்த்தி வைப்பது கூட்டு ஒப்பந்தத்தின் சம்பள அட்டவணை. இந்தமுறை எத்தனை விழுக்காடு ஏற்றம் என்பதைவிட அனுபவத்துக்குச் சேர்க்கும் தொகையைத்தான் நான் முதலில் கேட்பேன். ஒப்பந்தம் குறைந்தது மூன்று வருடம் ஓடும், இப்போது விட்டால் அதுவரை காத்திருக்க வேண்டும்.

கே: சங்கத்தில் சேராதவனுக்கும் அதே ஏற்றம் கிடைக்கிறதே. சந்தா எதற்கு?

கிடைக்கும், சட்டம் அப்படி. ஆனால் உங்களுக்கு ஷோ-கோஸ் (விளக்கம் கேட்கும்) கடிதம் வரும் நாளில் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும் அல்லவா? கடிதம் வந்த பிறகு சேர ஓடி வருபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கே: "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் நல்லது" என்று துரை (தோட்ட மேனேஜர்) காகிதத்தை நீட்டினார். என்ன செய்வது? (டிரஸர், அதாவது தோட்ட மருத்துவ உதவியாளர்)

கையெழுத்துப் போடாதீர்கள், ஐயா. "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று வெளியே வாருங்கள். யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று அன்றே எழுதி வைத்து, கிளைச் செயலாளரிடம் ஒரு பிரதி கொடுங்கள். நீக்கிவிட்டால், நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் அதே 1967 சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ் மனு போட வேண்டும். கம்பெனிக்கு அப்பீல் எழுதிவிட்டுக் காத்திருந்தாலும் அந்த 60 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நல்ல கேஸ்கள் பல தோற்றது இந்த இடத்தில்தான்.

கே: என்னைச் சபா மாநிலத்துக்கு மாற்றுகிறார்கள். சங்கம் தடுக்குமா?

இட மாற்றம் நிர்வாக உரிமை. 2021 முதல் அதுபற்றிப் பொதுவான கேள்விகளைப் பேச்சுவார்த்தையில் எழுப்பலாம், தனி ஒருவர் மாற்றத்தை அங்கே பேரம் பேச முடியாது. ஆனால் சங்க வேலை பார்த்ததற்குப் பழிவாங்கல் என்று காட்ட முடிந்தால் கதை வேறு. தேதிகளோடு வாருங்கள், பார்க்கலாம்.