சுருதிப்பெட்டிக்கு நான்கு குமிழ் போதுமா?

அன்புள்ள ஐயா,

சூரமங்கலத்தில் வீட்டு மாடியில் மின்னணு சுருதிப்பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். முதல் தவணையாக இருபது செய்து, பஜனைக் குழுக்களுக்கும் பாட்டு டீச்சர்களுக்கும் விற்க எண்ணம். திரையும் மெனுவும் வைத்தால் நிறைய வசதி சேர்க்கலாம். கட்டை (சுருதியின் உயரம்), நுண்சுருதி, ப-ம மாற்று (பஞ்சமமா மத்யமமா என்று மாற்ற), வால்யூம் என்று நான்கு குமிழ் மட்டும் வைத்தால் செலவுதான் ஏறுகிறது. போனிலேயே இலவசமாகச் சுருதி கிடைக்கும்போது இதை யார் வாங்குவார்கள் என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்?

- சேலம் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

குமிழையே வையுங்கள். பஜனை நடுவில் யாராவது கூப்பிட்டால் போனில் ஓடும் சுருதி நின்றுவிடும். அந்தத் தொல்லைக்குத்தான் உங்கள் பெட்டி. அதில் மெனுவைப் புகுத்தினால் அதுவும் ஒரு போன்தான், கொஞ்சம் மட்டமான போன்.

2021-இல் வந்தபோது ராஸ்பெரி பை பைகோ என்ற குட்டிக் கணினி போர்டின் விலை 4 டாலர். தம்பூராவின் நான்கு தந்தி ஒலியை உண்டாக்க அதுவே தாராளம். ஒலியை உண்டாக்கும் பாகம் மலிவு. கைபடும் குமிழ், சுவிட்ச், ஜாக், டப்பா இவற்றில்தான் காசு கரைகிறது. அங்கே கஞ்சத்தனம் பார்க்கத் தோன்றும். பார்க்காதீர்கள். கட்டைக்குச் சாதாரண பொட்டென்ஷியோமீட்டர் (வால்யூம் குமிழ் போல வழுக்கித் திரும்புவது) போட்டால், அது தேய்ந்ததும் சுருதியே துள்ள ஆரம்பிக்கும். 12 நிலை ரோட்டரி சுவிட்ச் கடையில் கிடைக்கிறது. ஸ்வரஸ்தானமும் 12. ஒவ்வொன்றும் 'தட்' என்று விழும். கரண்ட் போனாலும் எண்ணிக்கொண்டே திருப்பலாம். பொட்டென்ஷியோமீட்டர் நுண்சுருதிக்கு இருக்கட்டும், அதுவும் அரை ஸ்வரத்துக்கு மேல் நகராதபடி.

இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை. மிடி எண்ணை (கணினி இசையில் ஸ்வரத்துக்குத் தரும் எண்) வைத்து ஸ்வரம் எடுக்கும் ரெடிமேட் புரோகிராம் கோடு பெரும்பாலும் பியானோவின் சமப் பகுப்பைத்தான், அதாவது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரிப்பதைத்தான் தரும். அதில் பஞ்சமத்தின் (ப) அதிர்வெண் ஸட்ஜத்தின் (ஸ) அதிர்வெண்ணைப் போல 1.4983 மடங்கு. நமக்கு வேண்டியது சரியாக 1.5. கீழ் ஸட்ஜத்தை ஒரு கட்டையில், அதாவது 131 ஹெர்ட்ஸில் வைத்தால், இந்தச் சின்ன வித்தியாசமே சுமார் இரண்டே கால் விநாடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும் அலையாகக் காதில் படும். பாட்டு டீச்சர் காரணம் சொல்லமாட்டார், "என்னமோ சேரலை" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஸட்ஜத்தை மூன்றால் பெருக்கி இரண்டால் வகுங்கள், தீர்ந்தது.

இரண்டு இஞ்ச் ஸ்பீக்கரில் அந்த 131 சரியாக வராது. பேஸை ஏற்றினால் பேட்டரிதான் தீரும். தம்பூராவில் பாலத்துக்கு மேல் நூல் செருகுவது எதற்கு? மேல் ஒலிகள் கிளம்பத்தான். நீங்களும் அவற்றைக் கூட்டுங்கள். அடி ஸட்ஜத்தைக் காது தானே ஊகித்துக்கொள்ளும்.

டப்பாவுக்குப் பிளாஸ்டிக் அச்சு என்றால் லட்சங்கள் ஆகும், இருபது பெட்டிக்குக் கட்டாது. அக்ரிலிக் கீறல் விழும். ஸ்டீல் ஆலை இருக்கும் ஊரில் எவர்சில்வர் தகடு கேட்டால் கிடைக்காதா? முழுப் பெட்டியும் தகடு வேண்டாம், மெல்லிய தகடு ஸ்பீக்கரோடு சேர்ந்து அதிரும். முகப்பு மட்டும் தகடு, பக்கங்கள் மரம். எழுத்தை ஸ்கிரீன் பிரிண்ட் செய்தால் விரல் வியர்வையில் போய்விடும். பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் தகட்டைக் கொடுங்கள். கட்டை எண்களை வெட்டித் தருவார். என்ன, வெட்டிய எண்ணை அழிக்க முடியாது. அதனால் ஒரு பெட்டியை யாரிடமாவது பாடக் கொடுத்து, குமிழ்களின் இடத்தை முடிவு செய்துவிட்டு மற்றதை வெட்டுங்கள்.

பேட்டரியை ஈயம் வைத்து சால்டர் செய்துவிடாமல், கழற்றி மாட்டும்படி ஹோல்டரில் வையுங்கள். சார்ஜர் மாட்டியபடி மைக்செட்டில் கொடுத்தால் பல சமயம் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும், பேட்டரியில் ஓட்டினால் அந்த வம்பு இல்லை. மைக்செட்காரரிடம் இருப்பது கால் இஞ்ச் பின். அந்த ஜாக்கைப் போர்டோடு விடாமல் தகட்டில் நட்டுப் போட்டு இறுக்குங்கள். ஆடித் திருவிழாக் கூட்டத்தில் யாராவது வயரைத் தடுக்கிவிடத்தான் செய்வார்கள். பெட்டி விழுந்தாலும் போர்டு பிய்ந்து வராது.