இரவில் ப்ளோயரை நிறுத்தினால் கார்பன் குறையுமா?

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆரில் 200 வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பில் சொந்த எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஓடுகிறது. அதன் தொட்டிக்குள் காற்றைச் செலுத்தும் ப்ளோயர் 5 கிலோவாட். கரன்ட் செலவையும் கார்பனையும் குறைக்க, இரவு 11 முதல் காலை 5 வரை அதை நிறுத்தலாம் என்று சங்கத்தில் பேசுகிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பில் குறையும், ஆனால் கார்பன் கூடிவிடலாம்.

ஆறு மணி நேரத்தில் மிச்சமாவது 30 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு என்று வைத்தால், நாளுக்கு 21 கிலோ. இனி தொட்டியிலிருந்து கிளம்பும் வாயுவைப் பாருங்கள். பாக்டீரியா கழிவைத் தின்று வெளியிடும் கார்பன் டை ஆக்ஸைடு, பயிர்கள் காற்றிலிருந்து எடுத்ததுதான். அதனால் ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கவலைப்பட வேண்டியது நைட்ரஸ் ஆக்ஸைடு. நூறாண்டுக் கணக்கில் அதில் ஒரு கிலோ, 273 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம்.

சிறுநீர் வழியாக வரும் அம்மோனியாவை, ப்ளோயர் காற்றூட்டும் ஏரேஷன் தொட்டியில் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆக்ஸிஜன் பற்றாவிட்டால் வேலை பாதியில் நிற்கும், நைட்ரைட் தேங்கும், அதிலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு உருவாகும். இரவெல்லாம் சேர்ந்த அம்மோனியாவோடு காலையில் ப்ளோயர் ஓடத் தொடங்கும்போது இதுதான் நடக்கும். நீரில் கரைந்திருக்கும் வாயுவையும் அந்தக் காற்றே வெளியே தள்ளிவிடும்.

உங்கள் குடியிருப்பில் 800 பேர் என்று கொள்வோம். ஆளுக்கு நாளுக்கு 10 கிராம் நைட்ரஜன் என்றால் 8 கிலோ. ஐபிசிசியின் 2019 திருத்தம் தரும் பொது அளவுப்படி, அதில் 1.6 சதவீத நைட்ரஜன் நைட்ரஸ் ஆக்ஸைடாகப் போகும். அந்த வாயு சுமார் 200 கிராம், அதாவது 55 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். இது பாதி மடங்கு கூடினாலே 27 கிலோ. மிச்சம் பிடித்த 21 கிலோ அங்கேயே கரைந்துவிட்டது. இந்த அளவு நிலையத்துக்கு நிலையம் பெரிதும் மாறும், ஓட்டும் விதமும் அதைத் தீர்மானிக்கிறது. அதனால் ஆபரேட்டரின் கையில் இருப்பது சின்ன விஷயமல்ல.

சரி, கரன்ட்டை எப்படிக் குறைப்பது? தொட்டியின் அடியில் காற்றைக் குமிழ்களாக விடும் டிஃபியூசர்களைச் சுத்தம் செய்வதிலிருந்து தொடங்குங்கள். அடைபட்டிருந்தால் ப்ளோயர் வீணாக முக்கிக்கொண்டிருக்கும். பிறகு, நீரில் கரைந்த ஆக்ஸிஜனை அளக்கும் ஒரு டிஓ மீட்டர். இரவில் கழிவு வரத்து குறைவதால் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 4, 5 மில்லிகிராம் வரை ஏறக்கூடும். 2 இருந்தால் போதும், மேற்கொண்டு ஏறுவதெல்லாம் வீண். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி பொருத்தி அந்த 2-ஐ நிலைநிறுத்துங்கள். ப்ளோயரை எந்த வேகத்துக்குக் கீழே இறக்கக் கூடாது என்று தயாரித்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விஎஃப்டிக்கு வசதி இல்லையென்றால் டைமர் வைத்து 15, 20 நிமிடம் மட்டும் விட்டுவிட்டு நிறுத்தலாம். நைட்ரைட் சோதனைத் தாளால் வாரம் ஒருமுறை பாருங்கள். அளவு ஏறினால் நிறுத்தும் நேரத்தைக் குறையுங்கள்.

இன்னொரு வாயுவான மீத்தேன் வருவது, வரும் கழிவுநீரை முதலில் சேர்த்து வைக்கும் ஈக்வலைசேஷன் தொட்டியிலும், அடியில் படியும் சேறு சேரும் ஸ்லட்ஜ் தொட்டியிலும். சென்னை கொடுங்கையூர் போன்ற பெரிய நிலையங்களில் அதைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். உங்கள் அளவில் அது கட்டுப்படியாகாது. ஸ்லட்ஜைத் தேங்க விடாமல் அவ்வப்போது எடுத்துவிடுங்கள், ஈக்வலைசேஷன் தொட்டிக்குப் போகும் காற்றை மட்டும் எந்த மிச்சத்துக்காகவும் நிறுத்தாதீர்கள்.