சைடு மிரர் மேலும் கீழும் அசைகிறது, பக்கவாட்டில் திரும்பவில்லை

கேள்வி: எட்டு வருடம் ஓடிய ஹேட்ச்பேக் கார். வலது மிரர் சுவிட்சுக்கு ஒழுங்காக அசைகிறது. இடது மிரர் மேலும் கீழும் மட்டும் நகர்கிறது. பக்கவாட்டில் திரும்பவில்லை, மோட்டார் சத்தமும் இல்லை. மிரரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஃப்யூஸ் போயிருந்தால் எந்தப் பக்கமும் அசைந்திருக்காது, அதை விட்டுவிடுங்கள். மிரருக்குள் இரண்டு சின்ன மோட்டார்கள் இருக்கும்: மேல் கீழுக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று. பெரும்பாலான கார்களில் இரண்டுக்கும் சேர்த்து மூன்றே வயர்தான். அதில் ஒன்று பொது வயர். உங்கள் மிரர் மேலும் கீழும் அசைவதால் பொது வயர் நன்றாக இருக்கிறது. மிஞ்சுவது பக்கவாட்டு மோட்டார், அதற்குப் போகும் ஒற்றை வயர், சுவிட்சுக்குள் அதற்கான காண்டாக்ட்.

நான் முதலில் சந்தேகப்படுவது வயரைத்தான். கதவுக்கும் பாடிக்கும் நடுவே, கீல் பக்கம் ஒரு ரப்பர் குழாய் தெரியும். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அதற்குள் வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. வருடக்கணக்கில் மடங்கினால் உள்ளே செம்பு அறுந்துவிடும். மேலுறை முழுதாகவே தெரியும். சுவிட்ச் டிரைவர் கதவில் இருந்தால் அந்த வயர் இரண்டு கதவுக் கீல்களையும் தாண்டித்தான் போகிறது. சாவியை ஆன் செய்து, ஒருவர் இடது மிரருக்கான சுவிட்சைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு கதவாக மெல்லத் திறந்து மூடட்டும். நடுவில் ஒரு தடவை மிரர் துள்ளினாலும் போதும், அறுந்த இடம் அந்தக் குழாய்தான்.

துள்ளவில்லையா? சரி, இடது மிரருக்கு உள்பக்கம் இருக்கும் முக்கோண பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் பல கார்களில் கனெக்டர் கைக்கு வரும். பொது வயரிலும் பக்கவாட்டு வயரிலும் 5 வாட் பல்பு போட்ட டெஸ்ட் லாம்பை வைத்து சுவிட்சை இரு பக்கமும் அழுத்திப் பாருங்கள். மல்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும், ஆனால் மோட்டாரை ஓட்ட அந்தக் கரண்ட் பத்தாமல் போகலாம். பல்பு இரு பக்கமும் பளிச்சென்று எரிந்தால் சுவிட்சும் வயரும் சரி. அப்புறம் கனெக்டரைக் கழற்றி, மிரருக்குப் போகும் பாதியில் அதே இரண்டு வயர்களின் முனைகளில் 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டு எடுங்கள். அசையாவிட்டால் மோட்டார் போய்விட்டது, அப்போது மாற்றத்தான் வேண்டும். வயரிங் படத்தைப் பார்த்து முனைகளை உறுதி செய்துகொண்டே தொடுங்கள்; இண்டிகேட்டர், ஹீட்டர் வயர்களும் அங்கேயே வரும். மிரருக்குத் தனி கன்ட்ரோல் மாட்யூல் (மிரரை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) உள்ள கார்களில் இப்படித் தொடவே கூடாது, காரில் செருகிப் பழுதைப் படிக்கும் ஸ்கேனர்தான் வழி.

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றினால் சில மாதத்தில் மறுபடி அறும். குழாய்க்குள் வரும் நீளம் முழுவதற்கும் புது மல்டிஸ்ட்ராண்ட் (பல மெல்லிய இழைகள் கொண்ட) வயர் போட்டு, இணைப்புகளை மடங்காத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.