தினமும் கட்ட ஒரு வாட்ச்: கேள்வி பதில்

கேள்வி: சார், கட்டட வேலைக்குப் போகிறேன். 2,000 ரூபாய்க்குள் அடி தாங்கும் வாட்ச் சொல்லுங்கள்.

பதில்: கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989-இல் வந்த மாடல், இன்னும் விற்பனையில் இருக்கிறது. எடை வெறும் 21 கிராம், அதனால் கீழே விழுந்தாலும் அடி பலமாகப் படாது. சிஆர்2016 செல் சுமார் 7 வருடம் வரும். மாதம் 30 விநாடி வரை முன்னே பின்னே போகலாம், அது பழுதல்ல. முதலில் போவது ஸ்ட்ராப்தான். ஸ்ட்ராப்பை வாட்சோடு பிடிக்கும் சின்னக் கம்பி மாட்டும் இடத்தில் விரிசல் விடும். கண்ணாடி பிளாஸ்டிக் என்பதால் சிமென்ட் தூசியில் கீறல் விழும், ஆனால் பாலிஷ் போட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கேள்வி: '30 மீட்டர்' என்று போட்டிருந்ததை நம்பிக் குளித்தேன் அண்ணா. கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது.

பதில்: அது சோதனைக் கூடத்தில் அசையாமல் வைத்துக் கொடுக்கும் அழுத்தத்தின் கணக்கு. 30 மீட்டர் என்றால் மழைத் தூறல், கை கழுவுவது, அவ்வளவுதான். நீந்துவதற்கு 100 மீட்டர் போட்டதாக வாங்குங்கள். அதைக் கட்டிக்கொண்டும் வெந்நீரில் குளிக்க வேண்டாம். சூடும் சோப்பும், தண்ணீர் புகாமல் தடுக்க உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும். இப்போதைக்கு, இன்றே கடைக்குப் போய்ப் பின்மூடியைத் திறந்து உலர்த்தச் சொல்லுங்கள். நாளை, நாளை மறுநாள் என்று விட்டால் உள்ளே துரு ஏறிவிடும்.

கேள்வி: செல் மாற்றி மூன்றே மாதத்தில் நின்றுவிட்டது. வாட்ச் கெட்டுவிட்டதா?

பதில்: முதலில் செல்லைச் சந்தேகப்படுங்கள். முள் வாட்ச் பலவற்றுக்கு எஸ்ஆர்626எஸ்டபிள்யூ என்ற சில்வர் ஆக்சைடு செல் வேண்டும். அதே அளவில் எல்ஆர்626 என்ற மலிவான அல்கலைன் செல்லும் உண்டு. அதன் வோல்டேஜ் போகப் போக இறங்கும், கசியும் பயமும் அதிகம். போடும் முன் செல்லின் முதுகில் உள்ள எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

மூடியைத் திறந்திருக்கும்போதே ரப்பர் வளையத்தையும் பாருங்கள். பள்ளத்தில் கறுப்பு நூல் போல உருண்டையாகக் கிடக்க வேண்டும். தட்டையாகிப் போயிருந்தால் புதிது போடச் சொல்லுங்கள். நல்லதாயிருந்தால் சிலிக்கோன் கிரீஸ் லேசாகத் தடவினால் போதும். அதன்மேல் ஒரு முடி ஒட்டியிருந்தாலே தண்ணீர் புகும். செல் மாற்றிய பின் தண்ணீர் புகுந்தது என்பவர்களுக்குப் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

நின்றுபோன வாட்சில் பழைய செல்லை விட்டுவைக்காதீர்கள். கசிந்து உள்ளிருக்கும் தகட்டை அரித்துவிடும்.

கேள்வி: விநாடி முள் நான்கு நான்காகத் தாவுகிறதே?

பதில்: செல் தீரப்போகிறது என்று சில குவார்ட்ஸ் வாட்சுகள், அதாவது செல்லில் ஓடுபவை, அப்படித்தான் காட்டும். மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இன்னும் பணம் போட்டு ஆட்டோமேட்டிக் வாங்கினால் நேரம் துல்லியமாக இருக்குமா?

பதில்: இருக்காது. ஆட்டோமேட்டிக் என்பது செல் இல்லாமல், கை அசைவில் தானே சாவி ஏறி ஓடுவது. குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். சீக்கோ கம்பெனியின் ஆட்டோமேட்டிக் வாட்சுகளில் இருக்கும் 4ஆர்36 என்ற இயந்திரம் விநாடிக்கு 6 முறைதான் துடிக்கும். ஒரு நாளைக்கு 45 விநாடி கூடலாம், 35 விநாடி குறையலாம் என்பது கம்பெனியே கொடுக்கும் கணக்கு. சில வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செலவும் உண்டு. சக்கரங்கள் ஓடுவதைப் பார்க்கப் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். பஸ் பிடிக்க மணி பார்க்கத்தான் என்றால், அந்தப் பணத்தில் நல்ல குவார்ட்ஸ் வாட்ச் ஒன்றும் பல வருடத்துக்கான செல்லும் ஸ்ட்ராப்பும் வாங்கிவிடலாம்.