பூவும் கருகக் கூடாது, பிஸ்கெட்டும் பரவக் கூடாது

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் வசிக்கிறேன். மகளின் பிறந்தநாளுக்குப் பூ பதித்த ஷார்ட்பிரெட் பிஸ்கெட் செய்தேன். வீட்டில் கடைந்த வெண்ணெய். 180 டிகிரியில் 20 நிமிடம். பிஸ்கெட் தட்டில் பரவிவிட்டது, ரோஜா இதழ்கள் கருகிக் கசந்தன. எங்கே தவறினேன்?

பதில்: முதலில் வெண்ணெய். ஷார்ட்பிரெட்டுக்கு ஸ்காட்லாந்துக்காரர்களின் பழைய கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று: பொடித்த சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200, மைதா 300. முட்டை, சோடா உப்பு, தண்ணீர் எதுவும் கிடையாது. கடை வெண்ணெயிலேயே 16 சதவீதம் வரை நீர் இருக்கும். வீட்டில் கடைந்ததில் மோர் இன்னும் கூடுதலாகத் தங்கும். ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தாலும் இதையே செய்யுங்கள்: குளிர்ந்த தட்டில் வைத்துக் கரண்டியால் அழுத்துங்கள். முத்து முத்தாக நீர் கசியும். உலர்ந்த பருத்தித் துணியில் ஒற்றியெடுத்த பிறகு எடை போடுங்கள். உப்பில்லாத வெண்ணெய் என்பதால் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மைதாவில் 50 கிராமைக் குறைத்து அந்த அளவு பச்சரிசி மாவு சேர்த்தால் மொறுமொறுப்பு கூடும். வெண்ணெயை மாவில் விரல் நுனியால் பிசிறுங்கள். பதம் நம் புட்டு மாவின் பதம்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், தொட்டால் உதிர வேண்டும். அதற்குப் பிறகு சேர்த்து அழுத்தினால் போதும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தால் பிஸ்கெட் இறுகிவிடும். அரை சென்டிமீட்டர் கனத்தில் தேய்த்து, வெட்டி, தட்டோடு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இதைத் தவிர்க்கவே முடியாது. வெண்ணெய் உருகிய மாவு பரவத்தான் செய்யும்.

அடுத்து பூ. அதை வேகவைக்க வேண்டியதில்லை, ஒட்டினால் போதும். முந்தின நாளே இதழ்களைக் காகிதத்துக்கு நடுவே வைத்துக் கனமான புத்தகத்தை மேலே ஏற்றிவிடுங்கள். 160 டிகிரியில் 15 நிமிடம் வெந்ததும் தட்டை வெளியே எடுத்து, பிஸ்கெட்டின் மேல் முட்டை வெள்ளைக்கருவை மெல்லியதாகத் தடவி, இதழைப் பதித்து, மீண்டும் நான்கு நிமிடம் வையுங்கள். ஓரம் இளம்பொன்னிறமானால் எடுத்துவிடலாம். சூட்டில் தொட்டால் உடையும். பத்து நிமிடம் பொறுங்கள்.

எந்தப் பூ என்பதில்தான் எனக்குக் கவலை அதிகம். சத்தியமங்கலம் சந்தைப் பூ தலையில் சூடுவதற்கு. பூச்சிமருந்து பட்டிருக்கும், பிஸ்கெட்டில் வேண்டாம். மருந்தடிக்காமல் வீட்டில் வளர்ந்த பன்னீர் ரோஜாவும் சங்குப்பூவும் போதும். ரோஜா இதழின் அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும், கிள்ளிவிடுங்கள். அரளி, ஊமத்தை இரண்டும் நஞ்சு. தாராபுரம், மூலனூர்ப் பக்கம் பயிராகும் செங்காந்தளும் அப்படியே. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், அலங்காரத்துக்காகக்கூட இவற்றைத் தட்டின் ஓரத்தில் வைக்காதீர்கள். குழந்தைகளின் விருந்து அது, எதை வாயில் வைப்பார்கள் என்று சொல்ல முடியாது.

முட்டை சேர்க்காத வீடென்றால், பிஸ்கெட்டை முழுதாக வேகவைத்து ஆறவிட்டு, பொடித்த சர்க்கரையைச் சிறிது பாலில் கெட்டியாகக் குழைத்துத் தடவிப் பூவை ஒட்டுங்கள். எலுமிச்சைச் சாற்றிலும் குழைக்கலாம். ஆனால் புளிப்புப் பட்டால் சங்குப்பூவின் நீலம் ஊதாவாகிவிடும்.